பாட்டன் பெயரும் பதிவேடும்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறப்பைக் கொண்டு ஒருவரை அளத்தல் தகாது என்பதே அதன் கருத்தாயின், யாமும் அதற்குத் தலை வணங்குகிறோம். ஆயினும் பிறர் குலமூலத்தைத் துருவுதல் வேறு. தம் குடிமூலத்தை அறிய விழைதல் வேறு. சொந்த ஊரில் பிறந்து சொந்த ஊரிலேயே மறையும் ஒருவருக்கு இவ்விழைவு தோன்றுவது அரிது. பாட்டன் வெட்டிய கிணறும், பூட்டன் நட்ட புளியமரமும் அவர் கண்ணெதிரே நிற்கின்றன. ஊராரும் அவரை இன்னாருடைய பேரன் என்றே அழைக்கின்றனர். ஊரை விட்டுப் பெயர்ந்த குடிக்கோ கிணறும் இல்லை, மரமும் இல்லை. அதற்கு எஞ்சுவன இரண்டே. ஒன்று, வீட்டு மூத்தோரின் நினைவு. மற்றொன்று, யாரோ ஓர் எழுத்தர் ஏதோ ஓர் ஏட்டில் எழுதி வைத்த ஒரு வரி.

அவ்வரி இருந்தவர்க்கு என்ன நேர்ந்தது, இல்லாதவர்க்கு என்ன நேர்ந்தது என்பதை நம் தமிழ் மக்களின் இரு குடிப்பெயர்ச்சிகளைக் கொண்டு காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று, தென்னாப்பிரிக்காவின் நேட்டால். மற்றொன்று, இலங்கையின் மலைநாடு. இரு சாராரும் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றவர். பஞ்சத்தாலும் கடனாலும் பிறந்த மண்ணை விட்டவர். தோட்டங்களில் உடல் உழைத்தவர். ஆயினும் அவர்தம் பேரப்பிள்ளைகளின் கதை வெவ்வேறாக முடிந்தது. வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, பதிவேடு.

கப்பல் ஏடு

ஆங்கிலப் பேரரசில் அடிமை முறை ஒழிந்தபோது, கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆளின்றித் தவித்தனர். அக்குறையை நீக்க எழுந்ததே ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலி முறை. 1834 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள் ‘அட்லஸ்’ என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரை மொரீஷியஸ் தீவிற் கொண்டு இறக்கியது. நேட்டாலுக்கு முதற்கப்பல் சென்னையிலிருந்தே சென்றது. அதன் பெயர் ‘ட்ரூரோ’. 1860 அக்டோபரில் புறப்பட்டு, நவம்பர் 16 ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிற் சென்றோர் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரை நேட்டால் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் தொகை 1,52,184 என்பர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர். தமிழரும் தெலுங்கருமே அவருட் பெரும்பாலோர்.

இத்தொகை இத்துணைத் துல்லியமாக எவ்வாறு கிட்டிற்று? ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டதே காரணம். அவ்வெண்ணுக்கு நேரே பெயர், தந்தை பெயர், வயது, ஆண் அல்லது பெண், சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், அங்க அடையாளம் என்று பத்தி பத்தியாக எழுதப்பட்டது. எவரிடம் வேலைக்கு விடப்பட்டார் என்பதும் குறிக்கப்பட்டது. அலுவலகத்தில் ஏடும் எண்ணுமாகக் காலங்கழிக்கும் எம் போன்றோர்க்கு இப்பத்திகள் புதியன அல்ல. சரக்குப் பதிவேட்டின் பத்திகளும் ஏறத்தாழ இப்படியே இருக்கும். மனிதரைச் சரக்கெனக் கருதியே அவ்வேடு எழுதப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. இடக்கன்னத்தில் தழும்பு, முழங்காலில் மச்சம் என்று எழுதியது, ஓடிப்போனவரைப் பிடித்து மீண்டும் தோட்டத்திற் சேர்ப்பதற்கே அன்றி, அவர்தம் கொள்ளுப்பேரனுக்கு உதவுவதற்கன்று.

எனினும் உதவிற்று. அந்த ஏடுகள் டர்பன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. அவற்றை ஆராய்ச்சியாளர் கணினியில் ஏற்றி, எவரும் தேடுதற்கு எளிதாக்கியுள்ளனர். மொரீஷியஸில் மோக்கா என்னுமிடத்திலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம், வந்தேறிய மக்களின் ஏடுகளையும், அவருட் பலருடைய நிழற்படங்களையும் காத்து வருகிறது. பிஜித் தீவில் ஒவ்வொருவர்க்கும் அளிக்கப்பெற்ற குடிபெயர்வுச் சீட்டு காக்கப்பட்டுள்ளது. ஐந்தாம் தலைமுறைப் பேரன் ஒருவன் தன் ஓட்டனின் எண்ணை அறிந்தானாயின், அவர் பிறந்த ஊரின் பெயர் அவன் கைக்கு வந்துவிடும்.

இவ்வேட்டில் மற்றொரு சிறப்பும் உண்டு. நம் வீடுகளிற் கொடிவழி எழுதினால், தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன் என ஆண்பெயரே வரிசையாக நிற்கும். பாட்டியின் பெயரைக் கேட்டால் பலர் விழிப்பர். கப்பல் ஏட்டிலோ பெண்ணுக்கும் தனி எண் உண்டு. கைக்குழந்தைக்கும் தனி எண் உண்டு. நம் மரபு எழுத மறந்த தாயரின் பெயர்களை, அன்பற்ற ஓர் ஏடு எழுதி வைத்திருப்பது நாம் சிந்திக்கத் தக்கதாகும்.

வரியைப் படிக்கும் முறை

ஏட்டில் ஒரு வரி கிடைத்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று எண்ணலாகாது. முதலாவது, பெயர்க் குழப்பம். தமிழர்க்குக் குடும்பப் பெயர் என்பது இல்லை. தந்தையின் பெயரே முன்னெழுத்தாக நின்று தலைமுறைதோறும் மாறிவரும். வெள்ளையர் அலுவலகங்களுக்கு இது விளங்கவில்லை. ஆகவே நேட்டாலில் நாயுடு, பிள்ளை, முதலி, படையாச்சி என்னும் பட்டங்களே நிலையான குடும்பப் பெயர்களாக இறுகிவிட்டன. கவுண்டர் என்பது ‘கவெண்டர்’ எனத் திரிந்து இன்றும் வழங்குகிறது. மொரீஷியஸிலோ முதலில் வந்தவரின் இயற்பெயரே பலருக்குக் குடும்பப் பெயராயிற்று. இராமசாமி என்று ஒருவர் கப்பலேறினார் எனில், அவர்தம் வழிவந்தோர் அனைவரும், பெண்டிர் உட்பட, இராமசாமிகளே. ஒரு நாள் ஓர் எழுத்தர் தம் காதிற் கேட்டவாறு எழுதிய எழுத்துக்கூட்டு, நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு குலத்தின் பெயராக நிற்கிறது.

இரண்டாவது, சாதிப் பத்தி. அதில் தமிழரை ‘மலபார்’ என்று மட்டும் குறித்த வரிகளும் உள. கப்பலேறும்போது சாதியை மாற்றிச் சொன்னவரும், பெயரையே மாற்றிச் சொன்னவரும் உண்டு. பழைய வாழ்வின் சுமையைக் கரையிலேயே இறக்கி வைக்க அவர் கருதியிருக்கலாம். ஆகலின் அப்பத்தியை நம்பி எவரும் பெருமையோ சிறுமையோ கொள்ள வேண்டுவதில்லை.

மூன்றாவது, ஊர்ப்பெயர். ஆங்கில எழுத்தில் வேளூரும் வேலூரும் ஒன்றாகிவிடும். லகர, ளகர, ழகர வேறுபாடு மறைந்துவிடும். அன்றைய ஜில்லாக்களும் இன்றில்லை. ஏட்டில் வட ஆர்க்காடு என்றிருப்பின், அவ்வூர் இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களுள் ஒன்றில் இருக்கலாம். 1911 இல் சித்தூர் மாவட்டம் தனியே பிரிந்தமையால், ஆந்திர மாநிலத்திலும் இருக்கலாம். தென் ஆர்க்காடு என்றிருப்பின் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி ஆகியவற்றில் தேடல் வேண்டும். தஞ்சாவூர் என்றிருப்பின் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சேலம் என்றிருப்பின் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் ஆகியனவும் அதனுள் அடங்கும்.

இவ்விடத்தில் கைகொடுப்பது குலதெய்வம். நேட்டாலிலும் மொரீஷியஸிலும் தமிழர் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி விழா எடுத்து வருகின்றனர். அவ்வழிபாடு செழித்து விளங்கும் பகுதி இரண்டு ஆர்க்காடுகளே என்பதை நோக்கினால், ஏடு மறைத்ததை வழிபாடு காட்டுவதைக் காணலாம்.

ஊர்ப்பெயரின் ஆற்றலுக்கு ஒரு சான்று கூறுவோம். 1898 இல் ஜோகன்னஸ்பர்க் நகரிற் பிறந்து, காந்தியடிகளின் அறப்போரிற் சிறை புகுந்து, நோயுற்று வெளிவந்து, 1914 பிப்ரவரி 22 ஆம் நாள் தம் பதினாறாம் வயதில் உயிர் நீத்த வள்ளியம்மையைத் தமிழுலகம் தில்லையாடி வள்ளியம்மை என்றே போற்றுகிறது. அவர் பெற்றோரின் ஊர், மயிலாடுதுறை மாவட்டத்துத் தில்லையாடி. அவ்வூரை அச்சிறுமி கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் பெற்றோர் மறவாது சொல்லிய ஊர்ப்பெயர், மகளின் பெயரோடு ஒன்றி நிலைபெற்றது. காந்தியடிகளும் 1915 இல் தில்லையாடிக்கு நேரிற் சென்றார்.

ஏடில்லாதவர் கதை

இனி இலங்கைக்கு வருவோம். மலைநாட்டிற் காப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளை, கண்டிப் பகுதிகளை அடைந்தனர். வழியில் நோயால் மாண்டோர் பலர். காப்பி அழிந்து தேயிலை வந்தபின்னும் வரவு நிற்கவில்லை. இவர்களைக் கொண்டு சென்றவர் கங்காணிமார். ஒப்பந்தக் கப்பல் ஏடு போன்று ஆள்வாரியான பதிவு அத்தொடக்கக் காலத்தில் இல்லை. கங்காணியிடம் இருந்தது கடன் கணக்கு மட்டுமே. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்கு ஆள் மாறவேண்டுமாயின், அவர்தம் கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டு வேண்டும். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். துண்டு முறை 1921 இல்தான் ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத்துண்டு முறை ஒன்றும் வந்தது. சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் அதிற் பொறிக்கப்பட்டிருக்கும்.

இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அன்பர்கள் நோக்குக. நேட்டால் ஏடு, ஒருவர் எங்கிருந்து வந்தார் என்று எழுதிற்று. தகரத்துண்டோ, அவர் எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதை மட்டும் காட்டிற்று. விட்டு வந்த ஊரும், பெற்ற தந்தையும் அத்தகரத்தில் இல்லை.

இக்குறையின் விளைவு நூறாண்டு கழித்து வெளிப்பட்டது. இலங்கை விடுதலை பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஒருவர் இலங்கையிற் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவர்தம் தந்தை அங்கே பிறந்திருத்தல் வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. லயன் எனப்படும் வரிசை வீடுகளிற் பிறந்து, தோட்டத்திலேயே புதைக்கப்பட்ட பாட்டனின் பிறப்புக்குப் பேரன் எங்கே சான்று தேடுவான்? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் ஒரு நாட்டுக்கும் உரியரல்லாதவராயினர். மறு ஆண்டு இயற்றிய மற்றொரு சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் எழுந்தன. அவருட் குடியுரிமை பெற்றோர் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவே. அச்சட்டங்களுக்குப் பின்னே அரசியல் நோக்கம் இருந்தது. ஏடு இருந்திருப்பின் எல்லாம் நன்றாய் முடிந்திருக்கும் என்று யாம் கூறவில்லை. ஆனால் ஒரு மக்களை விலக்கக் கருதியோர்க்கு, அம்மக்களிடம் ஏடு இல்லாமையே கைக்கருவியாயிற்று என்பதை மறுத்தற்கில்லை.

1964 அக்டோபர் 30 ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. உடன்படிக்கை கையெழுத்தாகி இரண்டு திங்களுக்குள், அவ்வாண்டு டிசம்பரில், பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலையும் கடலுக்கு இரையாக்கியது. அதன்பின் தாயகம் திரும்பியோர் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமை அடைந்தனர். அவருட் பலர்க்குத் தம் பூட்டனின் ஊர் தெரியாது. சென்று சேர உறவு வீடு இல்லாமையால், அரசு காட்டிய இடத்திற்குச் சென்றனர். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்ததும் இவர்தம் மறுவாழ்வுக்காகவே. இலங்கையிலேயே தங்கியோர்க்கு 2003 இல் இயற்றிய சட்டமே வழி செய்தது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கு வாழ்ந்தவரும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடியுரிமை பெறத் தகுதியுடையர் என்று அது கூறிற்று. இடையிற் கழிந்தவை ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

மறுபுறம், நம் அரசு 2024 இல் மொரீஷியஸில் வாழும் இந்திய வழியினருக்கு ஏழாம் தலைமுறை வரையிலும், 2025 இல் டிரினிடாடில் வாழ்வோர்க்கு ஆறாம் தலைமுறை வரையிலும் கடல்கடந்த இந்தியர் அட்டை அளிக்க முன்வந்தது. ஆறும் ஏழும் தலைமுறைகளைக் கடந்து உறவை மெய்ப்பிக்க இயல்வது எதனால்? அன்றைய எழுத்தர் எழுதிய வரி இன்றும் இருப்பதனால்.

நம் நிலை

வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். தென்கிழக்கு ரயில்வேயில் வேலை பார்க்கும் எம் போன்றோர்க்கு அது தொலைவிலுள்ள கதையன்று. எம் தலைமையகம் நிற்கும் கொல்கத்தா கார்டன் ரீச் பகுதியில்தான், பீகாரிலிருந்தும் ஐக்கிய மாகாணத்திலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளரைக் கப்பலேறும் வரை அடைத்து வைத்த கிடங்குகள் இருந்தன. அருகிலுள்ள கிதர்பூரில் 2011 இல் அவர்க்கு ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பப்பட்டது.

எம் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். எம் பாட்டனார் வங்காள நாகபுரி ரயில்வேயில் ஆள் எடுத்த காலத்தில் கரக்பூர் வந்து சேர்ந்தவர். அவர்தம் சேவைப் பதிவேட்டின் படி ஒன்றை எம் தந்தையார் காத்து வைத்திருந்தார். அதில் ஊர் ஆலத்தூர் என்றும், ஜில்லா தென் ஆர்க்காடு என்றும் உள்ளது, தாலுகா இல்லை. ஆலத்தூர் என்னும் பெயருடைய ஊர்கள் தமிழகத்திற் பல. எம் அத்தையார்தாம், குலதெய்வமாகிய ஐயனார் ஏரிக்கரையில் இருப்பதாகவும், தம் தாயார் பிறந்த ஊர் அவ்வேரிக்கு மறுகரை என்றும் நினைவு கூர்ந்தார். அம்மறுகரை ஊரின் பெயரையும் அவரே சொன்னார். இரண்டையும் ஒருங்கு வைத்துத் தேடியபோது ஊர் அகப்பட்டது. ஏடு பாதி சொல்லிற்று. அத்தையார் பாதி சொன்னார். அத்தையார் மறைந்து ஈராண்டு ஆகிறது. அன்று கேளாதிருந்தால் இன்று கேட்க ஆளில்லை.

நம் பிள்ளைகளின் நிலை யாது? வீட்டில் தமிழ் பேசுகின்றனர், எழுதுவது பிறமொழியில். பள்ளிச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் கடைப்பெயர் என்று ஒரு பத்தி இருக்கிறது. அதை நிரப்பத் தந்தையின் பெயரை ஒருவர் எழுதுகிறார். ஊர்ப்பெயரை ஒருவர் எழுதுகிறார். முன்னெழுத்தை மட்டும் எழுதி விண்ணப்பம் திரும்பி வந்து அலைபவரும் உண்டு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர்க்கு இரு வேறு கடைப்பெயர் அமைந்த வீடுகளை நம் குடியிருப்பிலேயே காண்கிறோம். நேட்டால் துறைமுகத்தில் அன்று நிகழ்ந்தது, இங்கே பள்ளிச் சேர்க்கை மேசையில் இன்று நிகழ்கிறது. அன்று எழுதியவர் அயலார். இன்று எழுதுபவர் நாமே. ஆகலின் பிழையின்றி எழுதும் வாய்ப்பும் நம்மிடமே இருக்கிறது.

செய்யத் தக்கது

நம் சங்கம் ஒரு குடிவழிப் பதிவேடு தொடங்குதல் வேண்டும் என்பது எம் வேண்டுகோள். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. கெட்டி அட்டையிட்ட ஒரு பேரேடும், பொறுமையுள்ள ஓர் எழுத்தரும் போதும். குடும்பத்துக்கு ஒரு பக்கம். அதில் முதன்முதல் இவ்வூர் வந்தவரின் பெயர், வந்த ஆண்டு, செய்த தொழில். அவர் தந்தை, பாட்டன் பெயர்கள். தாய், பாட்டி ஆகியோரின் பெயரும், அவர்கள் பிறந்த ஊரும். சொந்த ஊர், தாலுகா, அன்றைய ஜில்லா, இன்றைய மாவட்டம். குலதெய்வமும் அஃது இருக்குமிடமும் ஆகியன எழுதப்படுக. சாதிக்கென ஒரு பத்தி வேண்டாம். பெயர்களையும் ஊர்களையும் முதலில் தமிழெழுத்திலும், பின்னர் சான்றிதழில் உள்ளவாறு ஆங்கிலத்திலும் எழுதுக. தமிழெழுத்து இருந்தால்தான் வேளூர் வேலூராகாது.

தாயகத்தில் தேட விழைவோர், அவ்வூர்க் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள நிலப்பதிவேட்டையும், குலதெய்வக் கோயிலில் வரி கொடுக்கும் தலைக்கட்டுக் கணக்கையும் முதலிற் பார்ப்பது நலம். நிலமில்லாத குடிக்கு முன்னது உதவாது. பின்னது பெரும்பாலும் உதவும்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு வருங்கால் ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு தாள் எழுதிக் கொணர்வாராக. எழுதும்போது பூட்டன் பெயருக்குரிய இடம் வெறுமையாக நின்றால், அதை அறிந்த முதியோர் எவர் இன்று உள்ளார் என்று எண்ணிப் பார்த்து, அவர்க்கு அன்றிரவே தொலைபேசியிற் பேசிவிடுதல் நன்று.